முத்திரைக்குள் ஒரு மூச்சு

இன்னும் நாற்பத்தொரு மணி நேரம் இருந்தது. அதற்குள் ஜெசிந்தா தன் கணவன் இறந்துவிட்டதாக ஒரே ஒரு முறை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வழக்கு தள்ளுபடியாகிவிடும்.

“மாட்டேன்,” என்றாள் ஜெசிந்தா. “வேற எதுல வேணும்னாலும் கையெழுத்துப் போடுதேன். அது மட்டும் என் வாயில வராது.”

நண்டு கம்பெனியில் வேலை முடிந்து நேராகச் சட்டக் கல்லூரிக்கு வந்திருந்தாள். கையுறை போட்டுப் போட்டு வெளுத்த விரல்களை மேசைமேல் கோத்து வைத்திருந்தாள். எதிரே ஹாரூனும் இசக்கியும். இருவரும் சர்வதேச மனித உரிமைச் சட்டம் படிக்கும் மாணவர்கள். கல்லூரியின் இலவச சட்ட உதவி மையம் இந்த வழக்கை அவர்களிடம் கொடுத்திருந்தது.

“கையெழுத்து செல்லாதுக்கா,” என்றான் ஹாரூன். “கையெழுத்து, வீடியோ, குரல், எல்லாத்தையும் இப்ப மெஷினே செஞ்சுருது. அதான் தீர்ப்பாயம் ஆள நேர்ல நிக்க வெச்சு, வாயால சொன்னா மட்டும் எடுத்துக்கிடுது. இன்னொரு தடவ முழுசா விளக்கவா?”

“வேண்டாம் தம்பி. நாலு மாசமா விளக்கிட்டீய.” ஜெசிந்தா பள்ளிப் பிள்ளை போல ஒப்பித்தாள். “நீரகம் கடல்ல மெதக்குற நாடு. அங்க ஜன்னல் கெடையாது. மனுசன் விடுற மூச்ச செவரே குடிச்சு, காத்தச் சுத்தம் பண்ணும். குடிச்ச மூச்சு செவருக்குள்ள அடுக்கடுக்கா தங்கும், நிமிசத்துக்கு ஒரு அடுக்கு. ஒவ்வொரு ஆளுக்கும் மூச்சு வேற வேற. அதனால எந்த ரூம்ல எவன் எப்ப இருந்தான்னு செவரக் கேட்டா சொல்லிரும். சரியா? மார்க்கு போடுங்க.”

“நூத்துக்கு நூறு.”

“அந்தச் செவரத் தேடிப் புடிச்சவளே நான்தான.”

அது உண்மை. நீரகம் பழைய சுவர்ப் பலகைகளைத் தூத்துக்குடி துறைமுகத்தில் பழைய இரும்போடு சேர்த்து விற்றுவிடும். ஒவ்வொன்றிலும் அறை எண் குத்தியிருக்கும். மூன்று வருடங்கள் ஜெசிந்தா ஞாயிற்றுக்கிழமைதோறும் பூசை முடிந்ததும் அந்தக் கிடங்குகளில் பலகை பலகையாகப் புரட்டினாள். அவள் கணவன் ரேமண்டை அடைத்துவைத்திருந்த அறையின் எண் ஒரு நாள் கிடைத்தது.

ரேமண்ட் வாஸ் நீரகத்தில் கடலடி வேலை செய்தவன். ஓய்வு நேரம் கேட்டு வேலைநிறுத்தம் நடத்தியதற்காகப் பிடித்து அடைத்தார்கள். மார்ச் மூன்றாம் தேதி அந்தக் கட்டடத்தில் தீப்பிடித்து அவன் இறந்துவிட்டதாகவும், உடல் மிஞ்சவில்லை என்றும் நீரகம் சொன்னது. இறப்புச் சான்றிதழும் அனுப்பியது. ஜெசிந்தா அதைத் திருப்பி அனுப்பினாள். நான்கு வருடங்கள் ஆகின்றன.

மார்ச் ஒன்பதாம் தேதி நீரகம் பெருங்கடல் நாடுகளின் மனித உரிமைப் பட்டயத்தில் கையெழுத்திட்டது. அன்றிலிருந்து நடந்தவற்றை மட்டுமே தீர்ப்பாயம் விசாரிக்கலாம். அதற்கு முந்தைய நாள் ஒருவனைக் கொன்றிருந்தாலும் கேட்க முடியாது.

“ஒன்பதாம் தேதிக்கு அப்புறமும் அவர் மூச்சு அந்தச் சுவத்துல இருந்தா, தீ விபத்தே பொய்யின்னு ஆயிரும்,” என்றான் ஹாரூன். “ஆனா பலகைக்குத் தீர்ப்பாயம் வெச்ச முத்திரைய உடைச்சுப் பாக்கணும். மூச்சும் உடம்புதான்னு பட்டயம் சொல்லுது. உயிரோட இருந்தா அவரே சம்மதிக்கணும். இறந்திருந்தா பொஞ்சாதி. ஆனா பொஞ்சாதி முதல்ல...”

“முதல்ல தாலியறுக்கணும்.”

ஹாரூன் தாள்களை அடுக்கத் தொடங்கினான்.

ஜெசிந்தா இசக்கியைப் பார்த்தாள். “ஏம்மா, நீ ஒண்ணுமே பேச மாட்டுக்கியே. நான் அப்படிச் சொல்லிட்டா, அவியளத் தேடுறத நிப்பாட்டிருவாவளா?”

ஹாரூன் மேசைக்கடியில் இசக்கியின் காலை லேசாக மிதித்தான்.

“ஆமாக்கா,” என்றாள் இசக்கி. “தீர்ப்பாயத்துல தேடுதல் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. இறந்துட்டார்னு குடும்பமே சொல்லிட்டா அவங்க தேட மாட்டாங்க. மூடுன கோப்ப அப்புறம் திறக்கவும் மாட்டாங்க.”

“நல்லா இருக்குல்லா உங்க சட்டம்,” என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா எழுந்து போனாள்.

அது நல்ல சட்டம்தான். வேலைநிறுத்தம் செய்தவர்கள் எந்த அறையில் கூடிப் பேசினார்கள் என்பதை ஒரு காலத்தில் சுவர்களை வைத்தே கண்டுபிடித்துத் தண்டித்தார்கள். அதைத் தடுக்கத்தான் மூச்சுக்கும் முத்திரை வைத்தார்கள். அந்த விதியைப் பாராட்டி இசக்கி தேர்வில் நான்கு பக்கம் எழுதியிருந்தாள்.

*

கல்லூரி எதிரே டீக்கடையில் ஹாரூன் இரண்டு டீ சொன்னான்.

“உண்மையச் சொல்லுறதுக்கு நேரம் பாத்தியே, இசக்கி. வாய் தொறக்காத பிள்ளன்னு சொன்னாங்க. தொறந்தா இப்படியா?”

“கேட்டாங்க. சொன்னேன்.”

“அவங்க சொல்லலன்னா மார்ச் மூணுதான் உண்மைன்னு ஆயிரும். அது தெரியுதுல்ல?”

இசக்கி டீயை ஆற்றினாள். “ஹாரூன், நான் அத பாத்துட்டேன்.”

“எத?”

“சுவர.”

ஹாரூன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். “எனக்கு ஒண்ணும் கேக்கல. பிறவிச் செவிடு.” பிறகு கையை எடுத்து, தாழ்ந்த குரலில் கேட்டான். “எப்படி?”

இசக்கி சட்டத்துக்கு வருமுன் வேதியியல் படித்தவள். ஆகவே ஆய்வகத்தில் கருவியைச் சரிபார்க்கும்போது மையத்தின் சார்பில் அவளைத்தான் அனுப்பினார்கள். ரேமண்டின் பழைய முக்குளிப்பு முகமூடியிலிருந்து அவன் மூச்சின் அடையாளத்தை எடுத்துக் கருவிக்குக் கொடுக்க வேண்டும். பிறகு பலகையின் மேல் ஓரத்தில், யார் மூச்சும் எட்டாத இடத்தில், ஒரு துண்டை ஓட்டிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அனுமதி. எதைப் பார்த்தாலும் வெளியே சொல்வதில்லை என்று உறுதிமொழியும் கொடுத்திருந்தாள்.

எண் குத்தியிருந்த பக்கம்தான் மேல்பக்கம் என்று தூத்துக்குடி ஆய்வகத்தில் நினைத்தார்கள். இங்கே எல்லாக் கதவிலும் அப்படித்தான். நீரகத்தில் எண்ணைக் கால்மாட்டில் குத்துவார்கள், புகை சூழ்ந்தால் தவழ்ந்து போகிறவர்கள் பார்ப்பதற்காக. வெறும் ஓரம் என்று வெட்டிய துண்டு, தரையில் படுத்திருந்த மனிதனின் முகத்துக்கு நேரே இருந்த துண்டு.

“வெளிய சொன்னா பலகையே சாட்சியமா நிக்காதுன்னு சும்மா இருந்துட்டேன்,” என்றாள்.

“நல்லது. இன்னும் கொஞ்சம் சும்மா இரு.” அவன் தம்ளரைக் கீழே வைத்தான். “ஒண்ணே ஒண்ணு. அக்கா அத சொல்லித் திறந்தா, வருத்தப்பட மாட்டாங்கல்ல?”

“நான் எதையும் சொல்ல முடியாது.”

“நீ சொல்லல. உன் மூஞ்சி சொல்லுது. போதும்.” அவன் முகத்தில் வெளிச்சம் வந்தது. ஜெயிக்கப் போகிறோம் என்று எடுத்துக்கொண்டான்.

தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. திரையில் பச்சைக் கோடாக ஓடிய ரேமண்டின் மூச்சு ஒன்பதாம் தேதியைத் தாண்டியிருந்தது. பதினான்காம் தேதி அது அறுபடத் தொடங்கியது. முதலில் ஒரு நிமிட வெற்றிடம். பிறகு மூச்சு. பிறகு இரண்டு நிமிடம். மூன்று. நான்கு. கடைசியில் ஒரே அடுக்கில் மூன்று கோடுகள் கலந்து எழுந்தன. அதன் பிறகு ஒன்றுமில்லை.

ஒரு மனிதன் மூச்சுத் திணறிச் சாவதை இசக்கி பார்த்துக்கொண்டிருந்தாள். கலந்து கிடந்தவை அவன் கடைசி மூச்சும், உடலைத் தூக்க வந்த இருவரின் மூச்சும். அப்படித்தான் நினைத்தாள். திரையை அணைத்துவிட்டாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே எண்ணம்தான். ஜெசிந்தா அக்கா அதைச் சொல்லியாக வேண்டும்.

*

செவ்வாய்க்கிழமை பிற்பகல் ஜெசிந்தாவே போன் செய்து கூப்பிட்டாள்.

கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு. மகள் பள்ளியிலிருந்து வரவில்லை. ஜெசிந்தா டீ போட்டுக் கொண்டுவந்து எதிரே உட்கார்ந்தாள்.

“சொல்லிருதேன்,” என்றாள். “ராத்திரி பூரா யோசிச்சேன். நான் வாயப் பொத்திக்கிட்டா அவனுவ சொன்ன தேதி நெலச்சுரும். பொய்த் தேதியில எம் புருசனுக்குக் கல்லற வெக்க மாட்டேன். நீ சொல்லிக்குடு. நான் திருப்பிச் சொல்லிப் பழகுதேன்.”

இசக்கி சொன்னாள். “என் கணவர் அந்தோணி ரேமண்ட் வாஸ் இறந்துவிட்டார் என்று நான் அறிவிக்கிறேன்.”

“எங்க வீட்டுக்காரவிய அந்தோணி ரேமண்ட் வாஸ்...” ஜெசிந்தா நிறுத்தினாள். மறுபடி தொடங்கினாள். மறுபடியும் பெயரோடு நின்றது. “இங்க பாரு. ஆத்துமாக்கள் திருநாளுக்கு ஊரே கல்லறையில மெழுகுவத்தி கொளுத்தும். செத்தவங்க பேரையெல்லாம் சாமியார் வாசிப்பாரு. நாலு வருசமா நான் பேரு குடுக்கல. ‘குடும்மா, ஆத்துமா அலையும்’னு எங்க மாமியா சண்ட போட்டுப் பேச்ச நிப்பாட்டிட்டாவ. அப்பயும் குடுக்கல. இப்ப ஊரு பேரு தெரியாத ஜட்ஜுக்கு முன்னாடி குடுக்கணும்.”

“மெதுவாச் சொல்லுங்க. அவசரம் இல்ல.”

“நாளைக்குக் காலம்பற பத்து மணிக்கு. அவசரம் இல்லயாம்.” ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு தொடர்ந்தது. “ஒரு தடவ இவிய செத்துட்டாவன்னு நான் கத்திருக்கேன், தெரியுமா? கல்யாணமாகி ஒரு மாசம். மத்தியானம் நான் தூங்கி எந்திரிச்சுப் பாக்கேன், தரையில மல்லாக்கப் படுத்துக் கெடக்காவ. மூச்சே இல்ல. நான் போட்ட சத்தத்துல தெருவே வந்துட்டு. கடைசில பாத்தா, பெருசா ஒரு மூச்ச வாங்கிட்டு எந்திரிச்சு உக்காந்து ஈன்னு இளிக்காவ!”

“ஏன் அப்படி?”

“அவிய அப்பா சங்குகுளிக்குப் போனவரு. டியூபு கெடையாது, ஒண்ணு கெடையாது, மூச்சப் புடிச்சிக்கிட்டே முங்குறது. மவனுக்கும் சின்னதுலயே பழக்கிவிட்டுட்டாரு. கோவம் வந்தாலும் பயம் வந்தாலும் இவியளுக்கு இதான் மருந்து. படுத்து மூச்சப் புடிச்சிக்கிட்டா மனசு அமந்துரும்பாவ. முதல்ல ஒரு நிமிசம். அப்புறம் ரெண்டு. அப்புறம்...”

இசக்கியின் கையில் டீ தம்ளர் பாதி வழியில் நின்றது.

“ஒவ்வொரு தடவையும் கூட்டிக்கிட்டே போவாரா?”

“ஆமா. நாலு வரைக்கும் போவாவ. நாலு முடிஞ்சதும் ஒரு மூச்சு வாங்குவாவ பாரு, பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்.” ஜெசிந்தா அவளை உற்றுப் பார்த்தாள். “என்ன புள்ள, மூஞ்சி வெளுத்துட்டு?”

“ஒண்ணுமில்லக்கா. சூடு.”

சொல்ல வாயெடுத்தாள். இசக்கி உதட்டைக் கடித்துக்கொண்டாள். முத்திரைக்குள் இருப்பதை முன்கூட்டியே கேட்ட ஒருவர் தீர்ப்பாயத்தில் எதையும் அறிவிக்க முடியாது. இந்த அறையில் ஒரு வார்த்தை சொன்னால் நாளை ஜெசிந்தாவை வெளியே அனுப்பிவிடுவார்கள். வழக்கும் அவளோடு போய்விடும். முதலில் கேட்க வேண்டியவர்கள் நீதிபதிகள்.

“பழகினது போதும்க்கா,” என்று எழுந்தாள். “நாளைக்கு என்ன நடந்தாலும் எழுந்து போயிராதீங்க.”

கல்லூரி நூலகத்தில் பட்டயத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தாள். அவர்கள் பாடத்தில் வராத பகுதிகளையும் படித்தாள். ஒரு விதியை மூன்று முறை படித்தாள். பிறகு ஹாரூனைத் தேடிப் போனாள்.

“நாளைக்கு நான் பேசணும்.”

“நீயா?” ஹாரூன் சிரித்துவிட்டான். போன வருடம் மாணவர்களுக்கான மாதிரி நீதிமன்றப் போட்டியில் வாதம் முழுவதையும் எழுதியவள் இசக்கி. மேடையில் ஏறியதும் குரல் வரவில்லை. ஹாரூன்தான் தாளை வாங்கிப் பேசினான். கோப்பையும் அவன் வீட்டில் இருக்கிறது. “நீ எழுதிக் குடு, நான் பேசுதேன். எப்பவும் போல.”

“இத நான்தான் பேசணும்.”

“எதப் பத்தி?”

“உங்கிட்டச் சொன்னா நீயும் மாட்டிக்குவ.”

அவன் சிரிப்பு நின்றது. “அந்த முத்திர விசயமா? உடச்சேன்னு ஒத்துக்கிட்டா அவ்வளவுதான், இசக்கி. அந்த மன்றத்துக்குள்ள ஆயுசுக்கும் வாயத் தொறக்க முடியாது. இதுக்குத்தான படிக்கோம்?”

“இதுக்குத்தான் படிக்கோம்.”

ஹாரூன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு, “மைக்குப் பக்கத்து நாற்காலியில உக்காரு,” என்றான். “உன் குரலு எட்டாது.”

*

தீர்ப்பாயம் ஊர் ஊராகப் போய் அமர்வது. தூத்துக்குடியில் பழைய துறைமுக அலுவலகத்தின் கூடத்தை ஒதுக்கியிருந்தார்கள். மூன்று நீதிபதிகள். தலைமை நீதிபதி மாலத்தீவுக்காரர், அறுபது வயதுப் பெண்மணி. அவர் பேசுவது காதில் மாட்டிய கருவியில் தமிழாகக் கேட்டது.

நீரகத்தின் வழக்கறிஞர் முதலில் எழுந்தார். “எங்கள் நிலை எளிது. அவர் இறந்தார். சான்றிதழ் இருக்கிறது. மனுதாரர் அதை மறுத்தால், முத்திரையைத் திறக்கும் உரிமை அவருக்கு இல்லை. ஏற்றால், நான்கு வருடங்களுக்கு முன்பே ஏற்றிருக்கலாம்.”

“அறிவிப்பைக் கேட்போம்,” என்றார் தலைமை நீதிபதி. “ஜெசிந்தா வாஸ்.”

இசக்கி அப்போதே எழுந்திருக்க வேண்டும். அப்படித்தான் தீர்மானித்திருந்தாள். எழவில்லை. மைக்கின் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெசிந்தா கூண்டில் ஏறினாள். கறுப்புப் புடவை கட்டியிருந்தாள். அவளிடம் கறுப்புப் புடவை இருந்ததே இசக்கிக்குத் தெரியாது. புதியது, மடிப்புக்கூடக் கலையவில்லை.

“எங்க வீட்டுக்காரவிய,” என்றாள் ஜெசிந்தா. “அந்தோணி ரேமண்ட் வாஸ்.”

அவள் தாலிச் சங்கிலியை இரண்டு விரலால் பிடித்தாள். “எங்க வீட்டுக்காரவிய அந்தோணி ரேமண்ட் வாஸ்...”

“நிறுத்துங்க,” என்றது ஒரு குரல்.

அது தன் குரல்தான் என்று தெரிந்தபோது இசக்கி எழுந்து நின்றிருந்தாள். ஹாரூன் மைக்கை அவள் பக்கம் திருப்பிவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டான்.

“யார் நீங்கள்?”

“இசக்கியம்மாள். சட்ட மாணவி. மனுதாரரின் உதவியாளர். விதி பதினேழின் கீழ் ஓர் அறிவிப்புச் செய்ய வேண்டும். இப்போதே. மனுதாரர் பேசி முடிக்கும் முன்.”

நீரகத்தின் வழக்கறிஞர் தன் பிரதியை வேகமாகப் புரட்டினார். “அந்த விதி இதற்குப் பொருந்தாது. நான் ஆட்சேபிக்கிறேன்.”

“நீங்கள் அறிவிக்கப்போவது உங்களுக்கு எப்படித் தெரிய வந்தது?” தலைமை நீதிபதி இசக்கியையே பார்த்தார்.

“கருவியைச் சரிபார்க்கும்போது தவறான துண்டை வெட்டினார்கள். நான் பார்த்துவிட்டேன். வெளியில் சொல்வதில்லை என்று உறுதிமொழி கொடுத்திருக்கிறேன்.” அவள் நிறுத்தவில்லை. “நேற்று வரை நான் பார்த்ததை நானே தவறாகப் புரிந்துகொண்டிருந்தேன்.”

“அந்த உறுதிமொழியை மீறியவர் இந்த மன்றத்தில் இனி ஒருபோதும் வாதாட முடியாது. தெரியுமா?”

“தெரியும்.”

“நீங்கள் சொல்வதைச் சோதிக்க நாங்களே முத்திரையை உடைப்போம். நீங்கள் சொன்னது தவறென்றால் இந்த அம்மையாரின் வழக்கு அத்தோடு முடிந்துவிடும்.”

“தெரியும்.”

ஜெசிந்தா கூண்டிலிருந்து திரும்பிப் பார்த்தாள். முகத்தில் கோபம் இருந்தது. எழுந்து போயிராதீங்க என்று இந்தப் பெண் சொன்னது அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தலைமை நீதிபதி பக்கத்து நீதிபதிகளிடம் ஏதோ சொன்னார். இருவரும் தலையசைத்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“விதி பதினேழுக்கு உறவு தேவையில்லை, ஒப்புதல் தேவையில்லை. தெரிந்தவர் யாரும் வந்து சொல்லலாம். சொன்ன நிமிடத்திலிருந்து தேடுதல் பிரிவு நீரகத்துக்குள் நுழையலாம். ஆனால் அதை யாருக்காக எழுதினார்கள் என்று தெரிந்துதான் எழுந்தீர்களா?”

“தெரியும் அம்மா.”

“எழுத்தில் வேண்டாம். வாயால் சொல்லுங்கள்.”

இசக்கி நீதிபதியைப் பார்க்கவில்லை. ஜெசிந்தாவைப் பார்த்தாள். எழுதிப் பழகியிருந்த வாக்கியம் மறந்துபோனது. பேசுகிற தமிழே வந்தது.

“மார்ச் பதினாலாம் தேதி அந்தக் கதவத் தொறந்து ரெண்டு பேரு உள்ள வந்தாங்கக்கா. வெளிய போகும்போது மூணு பேரு மூச்சு. அதுல ஒண்ணு அவரோடது, நாலு நிமிசம் புடிச்சு வெச்சிருந்த மூச்சு. அவர் அங்க சாகல. உயிரோட கூட்டிட்டுப் போயிருக்காங்க.”